பெற்ற நாடு கைவிடலாமா?

தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்று ஒரு புல்வெளி இருக்கிறது. 1215-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் அரசனாகிய ஜான் அந்தப் புல்வெளியிலே தன் பிரபுக்களுக்கு ஒரு சாஸனம் எழுதிக் கொடுத்தான். மனம் உவந்து கொடுத்தான் என்று சொல்வதற்கில்லை. பிரபுக்கள் ஆயுதபாணிகளாக வந்து நின்றபடியால் வேறு வழியின்றிக் கொடுத்தான். ஆயினும் "மாக்னா கார்ட்டா" என்று பெயர் பெற்ற அந்தச் சாஸனத்தைத் தங்கள் சுதந்திரத்தின் பிறப்பிடமாக ஆங்கிலேயர்கள் போற்றி வருகிறார்கள். சுதந்திர மனிதன் எவனையும் சட்டப்படி தீர்ப்புச் சொல்லாமல் சிறையிலிடவோ, சொத்தைப் பறிக்கவோ, நாடு கடத்தவோ கூடாது என்பது அதிலுள்ள ஷரத்துக்களில் மிக முக்கியமானது.

2015-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அதே புல்வெளியில் மாக்னா கார்ட்டாவின் 800-ஆவது ஆண்டு விழா நடந்தது. எலிஸபெத் ராணியே வந்திருந்தார். மந்திரிகள் பேசினார்கள்; கொடிகள் பறந்தன.

அந்த விழாவுக்கு நான்கு மாதம் முன்பு, பிப்ரவரி 17-ஆம் தேதியன்று, லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிரீன் என்னும் இடத்தைச் சேர்ந்த மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் காட்விக் விமான நிலையத்தில் விமானம் ஏறித் துருக்கி தேசத்துக்குச் சென்றார்கள். அவர்களில் இருவருக்கு வயது 15, ஒருத்திக்கு 16. துருக்கியிலிருந்து எல்லை தாண்டி ஸிரியாவுக்குள் நுழைந்து, "இஸ்லாமிய ராஜ்யம்" என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டிருந்த பயங்கரக் கூட்டத்தாரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மூவரில் ஒருத்தியின் பெயர் ஷமீமா பேகம். மாக்னா கார்ட்டாவின் ஷரத்துக்கு இன்றைக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணின் கதையைக் கொண்டு நாம் ஒருவாறு அளந்து பார்க்கலாம்.

புஸ்தகத்துக்குள் ஒளிந்த கடிதம்

மேலே போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தார் செய்த அட்டூழியங்களைக் குறைத்துப் பேசுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. 2014-ஆம் வருஷத்தில் மோஸுல் நகரைப் பிடித்துக்கொண்டு "கிலாபத்" என்று பிரகடனம் செய்தவர்கள் அவர்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஸிஞ்சார் மலைப் பிரதேசத்தில் வாழ்ந்த யஸீதி மக்களை ஆயிரக் கணக்கில் கொன்றும், அவர்களுடைய பெண்களைச் சந்தையில் மாடுகளை விற்பதுபோல் விற்றும் தீராத பழி தேடிக்கொண்டார்கள். முஸ்லிம் உலகம் அவர்களைத் தன்னவர்களாக ஏற்கவில்லை. அவர்களுடைய கத்திக்கு எண்ணிறந்த முஸ்லிம்களே இரையானார்கள். இத்தகைய கூட்டத்தில் சேர்வது பெருங்குற்றம் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆனால், ஒரு தேசத்தின் பிரஜை மீது இந்தக் குற்றம் சாட்டப்பட்டால், அந்தத் தேசத்து ஸர்க்காரின் கடமை என்ன? இதுதான் கேள்வி.

கடமை என்று சொன்னவுடன், குற்றம் நடந்த பிறகு செய்ய வேண்டியதையே எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கடமை இருக்கிறது. அது குழந்தைகளைக் காப்பது. அந்த மூவரின் பள்ளிக்கூடத்திலிருந்து, 2014 டிஸம்பரிலேயே அவர்களுடைய தோழி ஒருத்தி ஸிரியாவுக்குப் போய்விட்டாள். போலீஸார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவளுடைய தோழிகளைக் கண்டு பேசினார்கள். பெற்றோர்களின் அனுமதியுடன் அந்தப் பெண்களிடம் வாக்குமூலம் வாங்க வேண்டுமென்று கடிதங்கள் எழுதினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கடிதங்களைப் பெற்றோர்களுக்கு நேரே அனுப்பாமல், பெண்களின் கையிலேயே கொடுத்து, "வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்!

பரீட்சையில் தேறாத பையனிடமே மார்க்குத் தாளைக் கொடுத்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் என்ன ஆகும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கடிதங்களும் பெற்றோர் கைக்குப் போய்ச் சேரவில்லை. பாடப் புஸ்தகங்களுக்கிடையே ஒளித்து வைக்கப்பட்டிருந்த கடிதத்தைப் பெண்கள் போன பிறகே பெற்றோர்கள் கண்டார்கள். லண்டன் போலீஸ் கமிஷனர் 2015 மார்ச்சு மாதத்தில் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் தோன்றி, இதற்காகக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டது பெருந்தன்மைதான். பெண்கள் திரும்பி வரவில்லை.

மணமும் மரணமும்

ரக்கா நகரை அடைந்த சில நாட்களுக்குள் ஷமீமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஹாலந்து தேசத்திலிருந்து வந்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தவன், வயது 23. பெண்ணுக்கோ பதினாறு நிறையவில்லை. இங்கிலாந்தில் இருந்திருந்தால் அந்தக் கல்யாணமே சட்ட விரோதம். அவளை மணந்தவன் சிறைக்குப் போயிருப்பான். அந்த வாழ்க்கையில் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் இறந்தன.

2019-ஆம் வருஷத் தொடக்கத்தில் கூட்டத்தாரின் கோட்டை கொத்தளங்கள் எல்லாம் விழுந்து, பாகூஸ் என்ற ஒரு கிராமம் மட்டும் மிஞ்சியது. அதுவும் மார்ச்சு 23-ஆம் தேதி வீழ்ந்தது. அங்கிருந்து தப்பி வந்த பல்லாயிரம் பெண்களும் குழந்தைகளும் அல் ஹோல் என்ற கூடார முகாமில் வந்து குவிந்தார்கள். அந்த வருஷத்தில் முகாமின் ஜனத்தொகை 70,000-க்கு மேல் போயிற்று. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். லண்டன் பத்திரிகை நிருபர் ஒருவர் பிப்ரவரி மாதத்தில் அந்த முகாமில் நிறைகர்ப்பிணியாயிருந்த ஷமீமாவைக் கண்டு பேசினார். தாம் ஊருக்குத் திரும்பி வர விரும்புவதாகவும், வயிற்றிலிருக்கும் குழந்தையையாவது காப்பாற்ற வேண்டும் என்றும் அவள் சொன்னாள். ஆனால், தான் செய்ததற்காக வருந்துவதாகச் சொல்லவில்லை. பின்னர் ஒரு பேட்டியில், மான்செஸ்டர் நகரில் 2017-ஆம் வருஷம் 22 உயிர்களைக் கொள்ளைகொண்ட வெடிகுண்டுக்கும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் பேசினாள். கேட்ட ஆங்கில ஜனங்களின் இரத்தம் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

ஜனங்கள் கோபப்படலாம். அந்தக் கோபத்திலிருந்து நீதியைக் காப்பாற்றத்தான் ஸர்க்கார் என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது. பேட்டி வெளியான ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 19-ஆம் தேதி, உள்நாட்டு மந்திரி ஸஜீத் ஜாவித் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டு, ஷமீமா பேகத்தின் பிரிட்டிஷ் பிரஜா உரிமையைப் பறித்துவிட்டார். விசாரணை இல்லை; சாட்சி இல்லை; தீர்ப்பு இல்லை. பிறந்த குழந்தை மூன்று வாரங்கூட நிறையுமுன் மார்ச்சு மாதத்தில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தது. தாயின் உரிமையைப் பறிக்குமுன் பிறந்த குழந்தையாதலால் அது பிரிட்டிஷ் பிரஜையாகவே பிறந்து, பிரிட்டிஷ் பிரஜையாகவே இறந்தது.

காகிதத்தில் ஒரு தேசம்

எந்த மனிதனையும் நாடில்லாதவனாக ஆக்கக் கூடாது என்பது சர்வதேச தர்மம். பிரிட்டனின் 1981-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும் பிறப்பால் பிரஜையானவர் விஷயத்தில் அதை ஒப்புக்கொள்கிறது. "பொது நன்மைக்கு உகந்தது" என்று மந்திரி கருதினால் உரிமையைப் பறிக்கலாம். ஆனால் அதனால் அந்த மனிதர் நாடற்றவராகிவிடக் கூடாது. அப்படியிருக்க, லண்டனில் பிறந்து லண்டனில் வளர்ந்த பெண்ணின் உரிமையை எப்படிப் பறித்தார்கள்?

இங்கேதான் சட்ட நிபுணர்களின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். ஷமீமாவின் பெற்றோர் வங்காள தேசத்திலிருந்து வந்தவர்கள். அந்த நாட்டுச் சட்டப்படி, அத்தகைய பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தையும் 21 வயது வரையில் தானாகவே அந்த நாட்டுப் பிரஜை. உத்தரவு பிறந்த தினத்தில் ஷமீமாவுக்கு வயது 19. ஆகையால் அவள் நாடற்றவள் அல்ல என்று வாதம் செய்தார்கள். அவள் வங்காள தேசத்தில் ஒரு நாள்கூடக் காலடி வைத்ததில்லை. அந்த நாட்டு ஸர்க்காரோ, "இவள் எங்கள் பிரஜை அல்ல, உள்ளே விடமாட்டோம்" என்று உடனே அறிவித்தது. வந்தால் தூக்குத் தண்டனைகூடக் கிடைக்கலாம் என்று அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி எச்சரித்தார். இப்படியாக, ஒரு காகிதத்தில் மட்டும் இருந்த தேசத்தின் பலத்தில் நிஜத்தில் இருந்த தேசம் பறிபோயிற்று. 21 வயது நிறைந்ததும் அந்தக் காகித தேசமும் மறைந்தது.

இதற்குப் பிறகு நடந்த வழக்குகளின் வரலாறு மிக நீண்டது. 2020 ஜூலையில் அப்பீல் கோர்ட்டார், அவள் இங்கிலாந்துக்கு வந்துதான் தன் வழக்கை நியாயமாக நடத்த முடியும் என்றார்கள். 2021 பிப்ரவரி 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அந்தத் தீர்ப்பை ஏகமனதாக ரத்து செய்தார்கள். அவள் பத்திரமாக வழக்கில் கலந்துகொள்ளக் கூடிய நிலைமை வரும் வரையில் வழக்கை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். கூடாரத்தில் அடைபட்டவளுக்கு அந்த நிலைமை எப்போது வரும் என்பதற்கு விடையில்லை.

2023 பிப்ரவரியில், குடியேற்ற விசேஷ அப்பீல் கமிஷன் அவளுடைய வழக்கைத் தள்ளிவிட்டது. இந்தக் கமிஷனில் ஒரு வினோதம் உண்டு. ஸர்க்கார் தரப்பு ரகசிய ருஜுக்களைக் குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்க முடியாது; அவருடைய வக்கீலும் பார்க்க முடியாது. ஸர்க்காரே நியமிக்கும் விசேஷ வக்கீல் மட்டும் பார்க்கலாம். பார்த்த பிறகு அவர் கட்சிக்காரருடன் தாராளமாகப் பேசக் கூடாது! அத்தகைய கமிஷனே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. அந்தப் பெண் ஆண்களின் இச்சைக்கு இரையாக ஆசை காட்டிக் கடத்தப்பட்டாள் என்று நம்பத் தகுந்த சந்தேகம் இருக்கிறது என்றும், அவளைப் போகவிட்டதில் பிரிட்டிஷ் ஸ்தாபனங்கள் கடமை தவறியிருக்கலாம் என்றும் சொல்லிற்று. ஆயினும் அதனால் மந்திரியின் உத்தரவு செல்லாததாகிவிடாது என்று முடிவு கட்டியது. 2024 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டாரும் அதையே உறுதி செய்தார்கள். உத்தரவு கடுமையானது என்று சொல்லலாம், அவள் தன் கேட்டைத் தானே தேடிக்கொண்டாள் என்றும் சொல்லலாம், ஆனால் அதைத் தீர்மானிப்பது தங்கள் வேலையல்ல என்று பிரதம நீதிபதி கூறினார். அதே வருஷம் ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு மேல் அப்பீலுக்கு அனுமதி மறுத்தது. இவ்வளவு கோர்ட்டுகள் ஏறி இறங்கியும், "இந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்?" என்னும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எந்தக் கோர்ட்டும் சாட்சி வைத்து விசாரிக்கவில்லை.

விசாரிக்க முடியாதா?

"ஸிரியாவில் நடந்ததற்கு லண்டனில் எப்படிச் சாட்சி கிடைக்கும்? கொண்டு வந்தால் விடுதலையாகிவிடுவார்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு அநுபவம் விடை சொல்கிறது. பிரிட்டனிலிருந்து சுமார் 900 பேர் அந்தப் போர்க்களத்துக்குப் போனதாகவும், அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் முன்னமே திரும்பிவிட்டதாகவும் பிரிட்டிஷ் ஸர்க்காரே 2018-ல் கணக்குக் கொடுத்தது. அப்படித் திரும்பியவர்களில் ஒரு ஸ்திரீயை, ரக்காவுக்குப் போய் அந்தக் கூட்டத்தில் அங்கத்தினரானாள் என்ற குற்றத்துக்காக, 2016-ல் பர்மிங்காம் கோர்ட்டில் ஜூரிகள் முன் நிறுத்தி 6 வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அது மட்டுமல்ல, திரும்புகிறவர் எப்போது, எந்த வழியாக, யார் காவலில் வர வேண்டும் என்று நிபந்தனை போடவும் 2015-ஆம் வருஷத்துச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. கூண்டு இருக்கிறது, ஜட்ஜு இருக்கிறார், சட்டமும் இருக்கிறது. நிறுத்துவதற்கு மனந்தான் இல்லை.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாட்டு ஸ்திரீ ஒருத்தி ஈராக்கில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனை மணந்து, ஒரு யஸீதித் தாயையும் அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணையும் வீட்டில் அடிமைகளாக வைத்திருந்தாள். குழந்தை உடம்பு சரியில்லாமல் படுக்கையை நனைத்துவிட்டதற்காக அவளுடைய புருஷன் அதைக் கொளுத்தும் வெயிலில் சங்கிலியால் கட்டிப் போட்டான். குழந்தை தாகத்தால் துடித்து இறந்தது. மனைவி தடுக்கவில்லை. 2021 அக்டோபரில் மியூனிக் கோர்ட்டு அவளுக்கு 10 வருஷம் தண்டனை விதித்தது; பிறகு 2023-ல் அது 14 வருஷமாக உயர்ந்தது. 2021 நவம்பரில் பிராங்க்பர்ட் கோர்ட்டு அந்தப் புருஷனை இனப் படுகொலைக் குற்றவாளியென்று தீர்த்து ஆயுள் தண்டனை அளித்தது. யஸீதி மக்களுக்கு நேர்ந்த கொடுமையை இனப் படுகொலை என்று உலகில் முதன் முதலாகத் தீர்ப்பளித்த கோர்ட்டு அதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் கோர்ட்டில் வந்து தன் வாயாலேயே சாட்சி சொன்னாள்.

ஜெர்மானிய ஸர்க்கார் அந்த ஸ்திரீயை "நீ எங்கள் பிரஜை அல்ல" என்று கைகழுவி விட்டிருந்தால் அந்தத் தாய்க்கு எங்கே நியாயம் கிடைத்திருக்கும்? பிரஜா உரிமையைப் பறிப்பதைக் கடுமையான தண்டனை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதனால் குற்றவாளி விசாரணைக்குத் தப்புகிறான். நிரபராதி நிரூபிக்க வழியின்றித் தவிக்கிறான். அடிபட்டவனோ தன் வழக்கைச் சொல்ல இடமின்றி நிற்கிறான். மூவருக்கும் அது அநீதி.

கொள்ளிக் கட்டையை யார் வீட்டில் எறிவது?

தன் வீட்டில் பற்றிய கொள்ளிக் கட்டையை அடுத்த வீட்டுக் கூரைமேல் தூக்கி எறிந்துவிட்டு, "அப்பாடா, என் வீடு பிழைத்தது!" என்று சொல்கிறவனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? பிரிட்டனும் கானடாவும் ஆகிய இரண்டு நாடுகளின் பிரஜையான ஒரு வாலிபன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் குர்து மக்களின் சிறையில் கிடந்தான். 2019-ல் பிரிட்டன் முந்திக்கொண்டு அவனுடைய உரிமையைப் பறித்தது. பாரம் முழுவதும் கானடாவின் தலையில் விழுந்தது. பிரிட்டன் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறதென்று கானடா ஸர்க்கார் வெளிப்படையாகவே மனஸ்தாபம் தெரிவித்தது. பிள்ளை வளர்ந்த ஊர் எது என்பதைப் பற்றிக் கேள்வியே இல்லை. யார் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் போட்டி!

கடைசியில் கொள்ளிக் கட்டை போய் விழுந்த இடம் எது? அந்தக் கூட்டத்தாரோடு போரிட்டுத் தங்கள் வாலிபர்களை ஆயிரக் கணக்கில் பலி கொடுத்த குர்து மக்களின் வீட்டில். பணக்கார தேசங்களின் பிரஜைகளையெல்லாம் அந்த ஏழை ஜனங்கள் வருஷக் கணக்கில் காவல் காக்க நேர்ந்தது. அதனால் உலகத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்ததா? 2022 ஜனவரி 20-ஆம் தேதி, ஹஸாக்கா நகரச் சிறையில் அடைபட்டிருந்த தங்கள் ஆட்களை விடுவிக்க அந்தக் கூட்டத்தார் படையெடுத்து வந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சண்டை நடந்தது. பல நூறு பேர் மாண்டார்கள். சிறைக்குள்ளே சிறுவர்களும் இருந்தார்கள். காவல் பலமுள்ள லண்டன் சிறையில் இருப்பவன் ஆபத்தானவனா, மண் சுவர் வைத்த பாலைவனச் சிறையில் இருப்பவன் ஆபத்தானவனா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் பெரிய வல்லரசுகளுக்கு வழிகாட்டிய தேசம் கஜாகஸ்தான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். 2019-ஆம் வருஷத்தில் அந்நாட்டு ஸர்க்கார் விமானங்களை அனுப்பி, ஸிரியாவிலிருந்து சுமார் 600 பேரை அழைத்து வந்தது. அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். குற்றம் செய்த ஆண்களையும் சில ஸ்திரீகளையும் கோர்ட்டில் நிறுத்தித் தண்டித்தார்கள்; குழந்தைகளைப் பாட்டன் பாட்டிமாரிடம் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காரியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "ஜூஸான்". நம் ஊர் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்பு மூலிகைக்கு அங்கே அந்தப் பெயர். அவர்களுடைய புல்வெளிகளில் எங்கும் முளைத்துக் கிடக்கும் அந்த மூலிகையின் வாசனை, தூர தேசம் போனவனுக்குப் பிறந்த மண்ணை நினைவூட்டும் என்பார்கள். கசப்பான மருந்துதான்; ஆனாலும் மருந்து.

பிரான்ஸ் தேசத்தின் விஷயம் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்கு வந்தது. தங்கள் பெண்களையும் பேரக் குழந்தைகளையும் அழைத்து வரும்படி பெற்றோர்கள் விண்ணப்பித்தும் பிரெஞ்சு ஸர்க்கார் தக்க பதில் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 14-ஆம் தேதி அந்தக் கோர்ட்டு ஒரு நடு நிலைமையான தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் சிக்கிய பிரஜை ஒவ்வொருவரையும் அழைத்து வந்தே தீர வேண்டும் என்று பொதுவான கடமை ஸர்க்காருக்கு இல்லை. ஆனால், அழைத்து வரும்படி கேட்டால், அந்த விண்ணப்பத்தை ஒழுங்காகப் பரிசீலித்து, மறுப்பதானால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைச் சுதந்திரமான ஒரு சபை சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். மந்திரியின் மனம் போனபடி ஒரு பிரஜையின் கதி முடிவாகக் கூடாது என்பது இதன் சாரம்.

அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு இதைவிடத் தெளிவாக 1958-லேயே சொல்லியிருக்கிறது. யுத்த காலத்தில், 1944-ல், காஸாபிளாங்காவில் படையைவிட்டு ஓடிய ஒரு சிப்பாயின் பிரஜா உரிமையைப் பறித்திருந்தார்கள். குற்றத்துக்குத் தண்டனையாகப் பிரஜா உரிமையைப் பறிப்பது அந்நாட்டு அரசியல் சட்டம் தடுக்கும் கொடிய தண்டனை என்று பிரதம நீதிபதி வாரன் தீர்ப்பு எழுதினார். சிறைவாசத்துக்கு முடிவு உண்டு. நாடற்ற நிலைக்கு முடிவு இல்லை.

யாருடைய உரிமை பத்திரம்?

ஷமீமாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதே குற்றத்தைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்குக் காகிதத்தில்கூட வேறு தேசம் இல்லை. ஆகவே மந்திரியால் அவளுடைய உரிமையைத் தொட முடியாது. விசாரித்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால், ஒரே தெருவில் பிறந்த இரண்டு பிரஜைகளில் ஒருத்தியின் உரிமை கல்லில் எழுதியது. மற்றவளுடையது நீரில் எழுதியது. பெற்றோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதே வித்தியாசம். 2017-ஆம் வருஷத்தில் மட்டும் பிரிட்டிஷ் ஸர்க்கார் "பொது நன்மை"யின் பெயரால் 104 பேரின் உரிமையைப் பறித்தது. 2022-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, சில சந்தர்ப்பங்களில் உரிமை பறிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவே வேண்டியதில்லை.

இது தமிழர்களுக்குப் புரியாத துன்பமல்ல. 1948-ல் இலங்கைப் பார்லிமெண்டு நிறைவேற்றிய பிரஜா உரிமைச் சட்டத்தினால், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஏழு லட்சம் தமிழர்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். இலங்கை, "இந்தியாவுக்குப் போ" என்றது. இந்தியா, "நீ இலங்கையான்" என்றது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த எல்லாருக்கும் இலங்கையில் உரிமை கிடைக்க 2003-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்ல; ஆகையால் இரண்டையும் ஒரு தராசில் வைக்கக் கூடாது. ஆனால், உரிமை என்பது ஸர்க்கார் நினைத்தபோது கொடுத்து நினைத்தபோது பறிக்கும் சலுகை என்று ஆகிவிட்டால், குற்றவாளியோடு அது நிற்பதில்லை என்பதை அந்தச் சரித்திரம் நமக்குக் கற்பிக்கிறது.

நம் பாரத தேசத்துக்கும் இந்தச் சோதனை வந்தது. 2016-ஆம் வருஷத்தில் கேரளத்தின் காஸர்கோடு, பாலக்காடு ஜில்லாக்களிலிருந்து ஒரு கூட்டத்தார் ஆப்கானிஸ்தானத்துக்குப் போய் அந்தப் பயங்கர இயக்கத்தில் சேர்ந்தார்கள். ஆண்கள் பலர் மாண்ட பிறகு, விதவைகளான நான்கு பெண்கள் குழந்தைகளுடன் காபூல் சிறையில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தகப்பனார் தம் மகளையும் பேத்தியையும் அழைத்து வந்து இங்கேயே விசாரிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். மகளை விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை, விசாரிக்கும்படியே கேட்டார். 2022 ஜனவரியில் கோர்ட்டார், 8 வாரத்துக்குள் இதைப் பற்றி முடிவு செய்யும்படி மத்திய ஸர்க்காருக்குச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்னமே, 2021 ஆகஸ்டில், தாலிபான்கள் காபூலைப் பிடித்துச் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். தாமதமும் சில சமயம் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது.

இரண்டு அரசர்கள்

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் இரண்டு அரசர்களின் கதையைச் சொல்கிறோம். ஒருவன் மனுநீதிச் சோழன். கன்றைக் கொன்றவன் தன் மகன் என்று தெரிந்ததும், அவனை அவன் மறைக்கவில்லை; "இவன் என் மகனே அல்ல" என்று சொல்லி அயல் நாட்டுக்குத் துரத்தவும் இல்லை. தன் மகன், ஆகையால் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு, தானே நியாயம் வழங்கினான். மற்றொருவன் கோவலன் கதையில் வரும் பாண்டியன். காற்சிலம்பைப் பற்றி ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை மட்டும் கேட்டு, விசாரியாமல் உத்தரவிட்டான். பிறகு உண்மை தெரிந்து உயிரை விட்டான், ஊரும் எரிந்தது. கோவலன் நிரபராதி. ஒரு வேளை அவன் உண்மையிலேயே கள்வனாக இருந்திருந்தாலுங்கூட, விசாரியாமல் கொன்ற பாண்டியனின் செங்கோல் வளைந்ததுதான்.

ஷமீமா பேகம் நிரபராதி என்று நாம் சொல்லவில்லை. அவள் 15 வயதில் ஏமாந்து போன பேதையா, அல்லது தெரிந்தே கொடுமைக்குத் துணை நின்றவளா, அல்லது முதலில் ஒன்றாகவும் பின்னர் மற்றொன்றாகவும் இருந்தவளா என்பதைச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. பத்திரிகைப் பேட்டியைப் படித்துவிட்டு அதைச் சொல்ல மந்திரிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட்டு. குற்றம் ருஜுவானால் சிறை இருக்கிறது. எத்தனை வருஷமானாலும் அடைத்து வைக்கட்டும். ருஜுவாகாவிட்டால் கண்காணித்து வரட்டும். ஆனால் விசாரிக்க வேண்டியவர்கள் அவளைப் பெற்று, படிக்க வைத்து, கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்பிய நாட்டார்தான். பாலைவனத்துக் குர்துகள் அல்ல. அவள் கண்ணாலும் கண்டிராத வங்காள தேசத்தார் அல்ல.

நல்ல பிரஜைகளை மட்டும் பாதுகாப்பதற்கு அரசியல் சட்டம் தேவையில்லை. அவர்களுக்கு அண்டை அயலாரின் அன்பே போதும். ஊரே வெறுக்கும் ஒரு மனிதன் கூண்டில் வந்து நிற்கும்போது, அவன் சொல்வதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற தேசத்தில்தான் நம் குழந்தைகளும் பயமின்றி வாழ முடியும்.